இடதுகை முடிச்சு

என் வீட்டுக்காரர் கலீல் ஓர் இடத்தில் உட்கார மாட்டார். சோறு தின்னும்போதுகூடக் கால் ஆடிக்கொண்டே இருக்கும். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் வீடே ஒன்றரை அறைதான். அதற்குள் இவர் நடக்கிற நடையைக் கூட்டினால் செங்கல்பட்டே போய்ச் சேர்ந்திருக்கலாம். கேட்டால், "ஷம்சாத், உன் வேலையைப் பாரு" என்பார். இந்த மனுஷனைப் பார்ப்பதைத் தவிர எனக்கு வேறு என்ன வேலை இருந்தது, இருபது வருஷமாக?

முன்பு பல்லாவரத்தில் ஓர் ஏற்றுமதிக்காரரிடம் சுறா இறக்கை கட்டிக்கொண்டிருந்தார். காய்ந்து வரும் இறக்கைகளை இனம் பிரித்து, முதுகில் இருப்பது ஒன்று, பக்கத்தில் இருப்பவை இரண்டு, வால் ஒன்று என்று நாலையும் சேர்த்துச் சணலால் கட்ட வேண்டும். முழு செட்டாக இருந்தால்தான் வெளிநாட்டுக்காரன் நல்ல விலைக்கு எடுப்பான். இவருக்கு இடதுகைப் பழக்கம். அதனால் இவர் போடும் முடிச்சு மற்றவர்கள் முடிச்சுக்கு எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கும். என் தம்பி சாஜித் வலதுகைக்காரன். ஆனால் மச்சான் கையைப் பார்த்தே தொழிலுக்கு வந்தவன், அவன் முடிச்சும் அப்படியே விழுந்துவிட்டது.

இரண்டாயிரத்துப் பதினைந்தில் சுறா இறக்கை ஏற்றுமதிக்குத் தடை வந்தது. வேலை போயிற்று. நான் அரிசி டப்பாவைப் பார்த்து அழுதுகொண்டிருக்க, இந்த மனுஷன், "நல்லதுதான்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்போதுதான் சொன்னார். என்றைக்கோ ஒருமுறை சுறா பிடிக்கிறவர்களோடு படகில் போயிருக்கிறார். இறக்கைகளை மட்டும் அறுத்துக்கொண்டு உடம்பைக் கடலில் தள்ளினார்களாம்.

"உசுரோட கீது ஷம்சாத். நீஞ்சத்தான் முடியல. அப்டியே கீழ கீழ போச்சு. கண்ணு தொறந்தே இருந்துச்சு."

அந்தக் கால் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பாவமாகத்தான் இருந்தது. கோபமும் போகவில்லை.

பிறகு இவர் திருமுடிவாக்கத்தில் ஒரு போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போனார். சாஜித் குட்டியானை என்கிற சின்னச் சரக்கு வண்டி ஒன்று வாங்கி லோடு அடித்தான். கருவாட்டு லோடு என்பான். இரண்டு பெண் குழந்தைகள் அவனுக்கு.

போன மாசம் வனத்துறையிலிருந்து ஜெயஸ்ரீ என்ற அதிகாரி இவரைத் தேடிப் பிடித்துக் கூப்பிட்டார். முடிச்சூர் பக்கம் ஒரு குடோனில், கருவாடு என்று எழுதின மூட்டைகளில் சுறா இறக்கை சிக்கியிருக்கிறது. பரிசோதனைக்கு அனுப்பும் முன் பழகின கண் ஒன்று பார்க்கட்டும் என்று நினைத்தார்களாம். இவர் லீவு போட்டுவிட்டுப் போனார்.

அங்கே நடந்ததெல்லாம் பிற்பாடு இவர் சொன்னது. முதல் மூட்டையைப் பிரித்ததுமே முடிச்சு யாருடையது என்று தெரிந்துவிட்டது. அதைச் சொல்லாமல், "இது கொம்பன் சுறா மேடம்" என்று இனத்தை மட்டும் சொல்லிக்கொண்டே போனார். கட்டினது யார் என்று யாரும் கேட்கவுமில்லை. பேசாமல் வீடு வந்து சேர்ந்திருக்கலாம். ஆனால் பிரித்த கட்டுகளைத் திரும்பக் கட்டி சீல் வைக்க வேண்டும் என்று அந்த அம்மா சணலை நீட்ட, மனசு எங்கேயோ இருக்க, கை அதன்பாட்டுக்குக் கட்டிவிட்டது.

ஜெயஸ்ரீ அந்தக் கட்டையும் பிரிக்காத கட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கலீல் அண்ணா, ரெண்டு முடிச்சும் ஒண்ணா இருக்கே."

"வூட்ல ஒரு வார்த்த பேசிட்டு வந்துட்றேன் மேடம்" என்று வராந்தாவுக்கு வந்திருக்கிறார்.

எனக்குப் போன் வந்தபோது மதியம் ஒன்றரை. லோடு இறக்கிவிட்டு வந்த சாஜித் என் சமையலறை வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"மூட்டையில நம்ம முடிச்சு கீது. நான் கட்டல, உனக்குத் தெரியும். நான்தான் கட்னேன்னு ஒத்துக்கட்டுமா, இல்ல உள்ளதச் சொல்லட்டுமா? உன் தம்பி. நீயே சொல்லு."

என் தலையில் கொண்டுவந்து போடுகிறாரே என்று ஆத்திரமாக வந்தது. போனைக் கையால் பொத்திக்கொண்டு திரும்பினேன்.

"சாஜித்து, கருவாட்டு லோடுதானே அடிக்கிற?"

"ஆமாக்கா. வேற இன்னா" என்றான், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருந்தால்கூட நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனோ என்னவோ. அந்தப் பெண் குழந்தைகளை நினைத்தேன். வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருக்கிற இவரையும் நினைத்தேன்.

"உள்ளதையே சொல்லுங்க" என்றேன்.

சாஜித் இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான். ஊற்றினேன். நிதானமாகச் சாப்பிடச் சொன்னேன்.

வனத்துறைக்காரர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போய் இருபது நாளாகிறது. அவன் பெண்டாட்டி என்னோடு பேசுவதில்லை. என் வீட்டுக்காரர் இப்போதெல்லாம் சாப்பிட்டதும் சுவரில் சாய்ந்து அப்படியே தூங்கிப்போகிறார், கால் ஆடுவதில்லை. நான்தான் வாசலுக்கும் அடுப்புக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன்.