கத்தரித் தோட்டத்துக்கு ஒரு பெண்வாசம்

பெண் அந்துப்பூச்சியின் வாசனையைக் கோவையில் ஓர் ஆய்வகத்தில் காய்ச்சித் தயாரிப்பது என் வேலை. "என்ன வேலை?" என்று கேட்பவரிடம் ஒரே மூச்சில் பதில் சொல்ல முடியாமல் திண்டாடும் சகபாவிகளே, இது உங்களுக்காக.

மீசைப் பரீட்சை

கத்தரிக் குருத்தையும் காயையும் குடையும் புழுவின் தாய்ப்பூச்சி, வாசனை விட்டுத்தான் ஆணை அழைக்கும். அதே வாசனையை ரப்பர் மூடியில் ஏற்றிப் பொறிக்குள் தொங்கவிடுவோம். ஏமாந்து வரும் ஆண் பசையில் ஒட்டிக்கொள்ளும். பெண்ணுக்குத் துணையில்லை, செடிக்குப் புழுவில்லை. மூலக்கூறில் ஒரு பிணைப்பு திசைமாறினாலும் பூச்சி திரும்பிப் பார்க்காது. அத்தனை பெரிய தோட்டத்தில் அந்தத் துளியை எப்படித்தான் கண்டுபிடிக்கிறதோ!

நம் மூக்குக்கு அது எட்டாது. அதனால் ஆண்பூச்சியின் மீசையை, அதாவது உணர்கொம்பை, மின்கம்பியில் இணைத்து வாசனையைக் காட்டுவோம். பிடித்தால் கணினித் திரையில் கோடு துள்ளும். இந்த முறை காய்ச்சிய சரக்குக்கும் துள்ளியது. கூட வேலை செய்யும் ரேவதி சொன்னாள்: "நாம படிச்ச படிப்புக்கெல்லாம் இந்த மீசைகிட்டத்தானுங்க கையெழுத்து வாங்கோணும்!"

முகர்ந்து பார்த்தார்கள்

தாராபுரம் பக்கத்து விவசாயி துரைசாமி, என் பேச்சை நம்பி மருந்தடிப்பதை நிறுத்தியவர். அந்தக் கத்தரிதான் அவர்கள் குடும்பத்துக்கு இந்த வருஷத்துச் சோறு. நான் கொடுத்த மூடியை முகர்ந்துவிட்டு மனைவி சரசுவிடம் நீட்டினார். அவரும் முகர்ந்துவிட்டு என்னிடம் கேட்டார்:

"ஏனுங்க அம்மணி, வெறும் ரப்பர் வாசந்தானுங்க வருது. நமக்கே தெரியலீன்னா பூச்சிக்கு எப்படிங்க தெரியும்?"

காலிப் பொறிகள்

ஒரு வாரம் கழித்துத் துரைசாமி போன் செய்தார். ஒரு பூச்சிகூட விழவில்லை, குருத்து வாடுகிறது, மருந்து வாங்கி வைத்துவிட்டேன் என்றார். பிணைப்புத்தான் திசைமாறிவிட்டதா? பஸ் பிடித்து ஓடினேன்.

தோட்டத்துக்குள் நுழைந்ததுமே கல்யாண வீட்டு வாசனை. பொறிக்குள் பார்த்தால், மூடியே தெரியாதபடி ஜவ்வாது அப்பியிருந்தது. சரசு அக்கா பெருமையாகச் சொன்னார்: "வாசமில்லாம உட்டா யாருங்க வருவா? அதான் நம்மூட்டு விசேஷத்துக்கு வாங்குனத நல்லாப் பூசியுட்டேனுங்க!"

காலையில் வந்த போன்

புது மூடிகளை மாட்டி, "விடியும்வரை மருந்தைத் தொடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு வந்தேன். காலையில் துரைசாமி அழைத்தார். பசையெல்லாம் வெள்ளைச் சிறகாம். மருந்து டப்பாவைக் கடையில் திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டாராம். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவர் குரல்தான் திடீரென்று இறங்கியது.

"பொண்ணு பார்க்க வந்தவனுகளுக்கு ஒரு காப்பித்தண்ணிகூடக் குடுக்காம கொன்னுபோட்டமே, பாவமில்லீங்களா அம்மணி?"

இந்தத் தொழிலில் சிறகுள்ள எந்த வாடிக்கையாளரும் இரண்டாம் முறை வருவதில்லை. வராததுதான் சரக்கு நல்ல சரக்கு என்பதற்கு அத்தாட்சி.