குட்டைக் கழுத்துக் கிதார்

சலவைச் சோடா போட்ட தண்ணீர் தளதளவென்று கொதித்ததும், கஸ்பார் நான்கு கம்பிகளையும் வளையமாகச் சுருட்டி ஒவ்வொன்றாக உள்ளே விட்டார். சற்று நேரத்தில் பச்சையும் கறுப்புமாக அழுக்கு மிதந்து வந்தது. அவர் மனைவி பிலோமி வாசற்படியில் நின்று மூக்கைச் சுளித்தார்.

"அது பால் காச்சுற சட்டி இல்லியே?"

"பழைய சட்டிதான் பிலோமி. நீ போய் வேலயப் பாரு."

பிலோமி குனிந்து அடியைப் பார்த்தார். பால் சட்டிதான். வேறு நாளாக இருந்தால் அங்கேயே ஒரு கச்சேரி நடந்திருக்கும். அன்று பாலுக்கு வேறு சட்டி தேடி உள்ளே போய்விட்டார்.

ராயபுரத்தின் கடற்காற்றில், பாட்டுக்கு அடிச்சுரம் கொடுக்கிற பேஸ் கிதாரின் கம்பி பதினைந்து நாளில் செத்துவிடும் என்பது கஸ்பாரின் கணக்கு. செத்த கம்பியைத் தட்டினால் கதவைத் தட்டுவது போல 'டொக்' என்னும். புதுக் கம்பி வேண்டுமென்றால் கப்பலில் வருகிற எவனாவது மனசு வைக்க வேண்டும். அதுவரை வேகவைத்து உயிர் கொடுப்பார்.

மனிதருக்குத் துறைமுகத்தில் வேலை. பளு தூக்கும் இரும்பு வடங்களைப் பின்னுவார், அறுந்தால் ஒட்டுப்போடுவார். சாயங்காலமானால் கல்யாண வீடுகளில் மெல்லிசைக் குழுவோடு பேஸ் வாசிப்பார். இரண்டும் ஒரே தொழில்தான் என்று சாதிப்பார். "அதுவும் கம்பி, இதுவும் கம்பி சார். அது மூட்டயத் தூக்குது, இது பாட்டத் தூக்குது. அவ்ளோதான்." இந்தக் கொள்கையை நம்பித்தான் ஒருமுறை வடத்துக்குப் பூசுகிற கிரீஸைக் கிதார் கம்பிக்கும் தாராளமாகப் பூசிவிட்டார். ஒரு பிள்ளை முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை விருந்தில் விரல் வழுக்கி வழுக்கி, ஒரு சுரத்தில் நிற்க வேண்டியவர் அடுத்த சுரத்தில் போய் நின்றார். வெள்ளைச் சட்டை முழுக்கக் கறை. ஆனால் கம்பி துருப்பிடிக்கவில்லை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார்.

கிதார்ப் பெட்டியைப் பற்றியும் அவருக்குத் தனி அபிப்பிராயம் உண்டு. கடையில் விற்கும் ரெக்சின் உறை எதுவும் ஆகாது. கப்பலில் வந்து இறங்கிய சரக்குப் பெட்டியின் பலகையை அறுத்து, அவரே செய்துகொண்டது அவர் பெட்டி. பஸ் நிறுத்தத்தில் அதைக் கிடத்தி, மேலே உட்கார்ந்துதான் பஸ்ஸுக்குக் காத்திருப்பார். "ஆளு குந்துனா தாங்கணும், மீன் கூடை எறக்குனா தாங்கணும். அதான் பொட்டி," என்பார். உள்ளே என்ன என்று கண்டக்டர் கேட்டால் நாளுக்கொரு பதில் வரும். ஒருநாள் மாமியார் என்றார்.

இப்படி வாய் ஓயாத மனிதர் போன வருஷம் திடீரென்று பேச்சை நிறுத்திவிட்டார். வேலையில் வடம் சறுக்கி, இடது கைச் சுண்டுவிரல் பாதியோடு போயிற்று. பேஸ்காரருக்குக் கம்பியை அழுத்துகிற கை அதுதான். காயம் ஆறிய பிறகும் அந்தக் கை கால்சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. மாதா கோயிலில் கை கூப்பும்போதுகூட வலது கையால் இடது கையை மூடிக்கொள்வார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் நான் பின் பெஞ்சியிலிருந்து அதைப் பார்ப்பேன்.

குழுவை நடத்துகிற தண்டையார்பேட்டை அத்தாவுல்லா அவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர், அக்கார்டியன் வாசிப்பவர். கஸ்பார் இல்லாத நாட்களில் துரை என்ற இளைஞரை வைத்துச் சமாளித்தார். ஆறு மாதம் பொறுத்துவிட்டு ஒருநாள் வீட்டுக்கே வந்தார்.

"தோஸ்து, நான் இன்னா பண்றது? கல்யாண சீசன் வந்துகினே கீது. திருவொத்தியூர் ரிசப்ஷன்ல மூணு பாட்டு வாசி. சரியா இருந்தா உன் எடம் உனக்கு. இல்லாங்காட்டி துரையே இருந்துட்டுப் போவட்டும்."

கஸ்பாரிடம் இருந்தது ஒரு மாலுமியிடம் வாங்கிய சீமை பேஸ். நீண்ட கழுத்து. கட்டைவிரல் கழுத்துக்குப் பின்னால் முட்டுக்கொடுக்க, மீதி மூன்றரை விரலை வைத்துக்கொண்டு அதில் ஓட முடியவில்லை. ஆகவே ஒரு சனிக்கிழமை அதைத் தூக்கிக்கொண்டு வாத்தியக் கடைக்குப் புறப்பட்டார். துணைக்கு நான்.

கடைக்காரர் பளபளவென்று சிவப்பில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். கஸ்பார் அதைத் தட்டிக்கூடப் பார்க்கவில்லை. இடது கையை மட்டும் அதன் கழுத்தில் வைத்து, ஆள்காட்டி விரலையும் மோதிர விரலையும் அகட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். "சத்தம் அப்பால. மொதல்ல கை எட்டணும்." இப்படியே ஏழு கிதாரைத் தள்ளினார். எட்டாவது மூலையில் தூசியோடு சாய்ந்திருந்தது. காப்பிக் கலர், குட்டைக் கழுத்து. எடுத்துக் கொடுக்கவே கடைக்காரருக்குக் கூச்சம்.

"அது பழகறவங்களுக்கு சார். மேடைக்கு யாரும் வாங்கறதில்லை."

கஸ்பார் கண்ணை மூடிக்கொண்டார். மூன்று விரல்கள் மெல்ல நடந்து, திரும்பி வந்தன. "இதான்," என்றார். சீமை பேஸைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். பழைய கம்பிகளை மட்டும் விடாமல் கழற்றிக்கொண்டார். குட்டைக் கிதாருக்கு அவை நீளம். ஆனாலும் உடனே வெட்டவில்லை. வெட்ட வேண்டிய இடத்துக்கு இரண்டு பக்கமும் மெல்லிய செப்புக் கம்பியால் இறுகக் கட்டி, அதன் பிறகுதான் கட்டர் வைத்தார். "கட்டாம வெட்டுனா, சுத்துனதெல்லாம் பிரிஞ்சிகினு பூடும். வடமும் அப்டித்தான்." அவருடைய கொள்கை ஒரு தடவையாவது ஜெயித்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பழைய பெட்டிக்குள் புதுக் கிதார் லொடலொடவென்று ஆடியது. பிலோமி இரண்டு தலையணையைத் திணித்து மூடினார்.

பால் சட்டியில் வெந்த கம்பிகளோடு ரிசப்ஷன் அன்று மாலை திருவொற்றியூர் மேடையில் ஏறினார் கஸ்பார். துரை மேடை ஓரத்தில் தன் கிதாரோடு தயாராக உட்கார்ந்திருந்தார். முதல் பாட்டில் இரண்டு இடத்தில் சுரம் தப்பியது. அத்தாவுல்லா திரும்பிப் பார்த்துவிட்டு வாசித்துக்கொண்டே போனார். இரண்டாவது பாட்டு ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவதில்தான் வினை. மாப்பிள்ளையின் தாய்மாமன் மேடையேறி மைக்கைப் பிடித்து, யாரிடமும் சுருதி கேட்காமல் கண்ணை மூடிப் பாட ஆரம்பித்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்துக்கு மெல்லிசைக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவரின் சுருதியைப் பேஸ்காரர் தன் கம்பியில் தேடிப் பிடிப்பார். எத்தனை கட்டையோ அத்தனை விரலை உயர்த்திக் காட்டுவார். அரைக் கட்டைக்கு இன்னொரு விரலைப் பாதி மடக்கிக் காட்ட வேண்டும். அதைப் பார்த்து மற்ற வாத்தியங்கள் சேர்ந்துகொள்ளும். தாளத்தைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால் வலது கைக்கு ஓய்வில்லை. காட்டுகிற கை எப்போதும் இடது கைதான்.

எல்லாரும் கஸ்பாரைப் பார்த்தார்கள். அவர் குனிந்து காதைக் கிதாரின் கழுத்துப் பக்கம் வைத்தார். ஒரு சுரம், அடுத்த சுரம். பிடித்துவிட்டார். நாலரைக் கட்டை.

இடது கை கம்பியை விட்டு இறங்கி, இடுப்புப் பக்கம் போய் நின்றது. முந்நூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

கஸ்பார் கையைத் தலைக்கு மேலே தூக்கி ஐந்து விரலையும் அகல விரித்தார். நாலு முழுசு, ஒன்று பாதி. எதையும் மடக்க வேண்டியிருக்கவில்லை. அத்தாவுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரித்துக்கொண்டே அக்கார்டியனின் துருத்தியை விரித்தார். வாத்தியங்கள் அத்தனையும் பாட்டோடு வந்து சேர்ந்தன. எல்லாரும் பார்த்துவிட்ட பிறகும், கஸ்பார் இன்னும் கொஞ்ச நேரம் அந்தக் கையை அப்படியே வைத்திருந்தார்.