கையுறை அணிந்த கையால்

என் மகள் குத்துச்சண்டைப் பயிற்சியில் அடிபட்ட அன்று, கள்ளக்குறிச்சி மருத்துவமனையில் நான் சொன்ன முதல் வார்த்தையே பொய்.

"பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டா, மேடம்."

ஒருவர் அடித்து இன்னொருவருக்குக் காயம் என்றால் ஏ.ஆர். போடுவார்கள். அந்த விபத்துப் பதிவேட்டில் ஏறியதும் போலீசுக்குத் தகவல் போகும். அதற்குப் பயந்து, எங்கள் தெருவில் அடிதடியில் மண்டை உடைந்தவர்கள்கூடப் படிக்கட்டில் விழுந்ததாகத்தான் சொல்வார்கள். பள்ளி அலுவலகத்தில் பல வருடங்களாகப் பதிவேடு எழுதுகிற என் வாயிலும் அதுவே வந்தது.

டாக்டர் என்னைவிடச் சின்னவர். மகளின் கைகளைப் பார்த்தார்.

"பாத்ரூம் போறப்ப கையில இப்படித்தான் துணி சுத்திக்கினு போவியாம்மா?"

கையுறைக்கு உள்ளே சுற்றும் பட்டைத்துணி விரல் முட்டியிலிருந்து மணிக்கட்டு வரை அப்படியே இருந்தது. பதற்றத்தில் யாருமே அதை அவிழ்க்கவில்லை.

மகளின் பையை வைத்துக்கொண்டு நின்ற பெண் களுக்கென்று சிரித்துவிட்டாள். கரியாலூர்க்காரி. இங்கே விடுதியில் தங்கிப் படிக்கிறாள். மகளும் அவளும் ஒரே எடைப்பிரிவு.

"நான்தாங்க அடிச்சேன்," என்றாள், வகுப்பில் வருகை சொல்வதுபோல. "பாக்சிங்குங்க. சண்டை இல்லீங்க."

டாக்டர் என்னைத் திட்டவில்லை. இடது கண்ணுக்குக் கீழே ஸ்கேலை வைத்து வீக்கத்தின் நீளத்தையும் அகலத்தையும் எழுதினார். பிறகு நிறம்: சிவப்பு கலந்த நீலம்.

"நிறம் எதுக்கு மேடம்?" பயத்துக்கு நடுவிலும் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"நாளாக நாளாக மாறும்மா. அடி புதுசா பழசான்னு பின்னாடி யாராவது கேட்டா, இதை வச்சு ஓரளவு சொல்லலாம்."

உள்ளங்கைகளையும் முழங்கால்களையும் திருப்பிப் பார்த்து, சிராய்ப்பு இல்லை என்றும் எழுதினார். இல்லாத காயத்தையும் எழுதுவார்கள் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். அடித்தவர் யார் என்ற இடத்தில், தெரிந்த நபர், கையுறை அணிந்த கையால், பயிற்சியின்போது என்று ஆங்கிலத்தில் எழுதினார்.

"போலீஸ் வருவாங்களா?"

"வந்தா வெளையாட்டுன்னு சொல்லுங்க. அதான் எழுதியிருக்கேனே."

அடுத்த கேள்வி மகளிடம். "நினைவு தப்புச்சா?"

"இல்ல மேடம்."

மாவட்ட அணித் தேர்வுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. நினைவு தப்பியது என்று எழுதிவிட்டால், வீரர்களின் மருத்துவப் புத்தகத்திலும் அது ஏறும்; ஒரு மாதம் வளையத்துக்குள் கால் வைக்க முடியாது. இது அந்த இரண்டு பெண்களுக்கும் தெரியும். எனக்கு அப்புறம்தான் சொன்னார்கள்.

"பொய் சொல்றா," என்றாள் கரியாலூர்ப் பெண். "கண்ணு தொறந்துகினுதான் இருந்துச்சுங்க. ஆளு இல்ல."

"வாய மூடுடி! நான் வூட்ல குந்திகினா நீ செலக்சனுக்குப் போலாம், அதான?"

"இன்னாடி பேசற? அடிச்சவ நானு. எனக்குத் தெரியாதா?" அவள் குரல் உடைந்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்தீங்களா?"

பார்த்தேன். மகளைக் கூட்டிவரப் போனவள் பயிற்சிக் கூடத்தின் கதவருகே நின்றிருந்தேன். அவளுடைய இரண்டு கைகளும் தானாகக் கீழே இறங்கின. பிறகுதான் முழங்கால் மடிந்தது. விழுந்தவருக்கு எண்ணுகிற வழக்கப்படி பயிற்சி மாஸ்டர் எண்ணத் தொடங்கினார். இரண்டு வருடமாக விடியற்காலையில் எழுந்து ஓடுகிறவள் அவள். அந்தத் தேர்வு அவளுக்கு என்ன என்று எனக்கா தெரியாது?

"பாத்தேன் மேடம். கொஞ்ச நேரம் அவ அங்க இல்ல."

அதையும் எழுதி, சொன்னவர் தாய் என்று முடித்தார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

தலை ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வெளியே பெஞ்சில் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, மகள் டாக்டர் எழுதித் தந்த தாளையே படித்துக்கொண்டிருந்தாள். வெகுநேரம் கழித்துத் திரும்பினாள்.

"ம்மா, மாஸ்டர் எண்ணினாரா?"

"எண்ணினாரு."

"ஒண்ணுலேந்தா?"

"ஆமா. சத்தமாத்தான் எண்ணினாரு," என்றாள் கரியாலூர்ப் பெண், மெதுவாக.

மகள் தாளை மடித்தாள். "எனக்கு ஆறுலேந்துதான் கேட்டுச்சு."

பிறகு அவளே கேட்டாள்: "உள்ள போயி இதையும் சொல்லணுமாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் கரியாலூர்ப் பெண் அவள் கையைப் பிடித்து எழுப்பி, டாக்டர் அறைப் பக்கம் திருப்பிவிட்டாள்.