பெயர் வெட்டிய அண்டா

எங்கள் கந்தோரில் வேலை பார்ப்பவர்களில் யோகராஜ் அண்ணனைப் போல் ஒழுங்கான மனிதர் கிடையாது. அதுதான் எனக்கு எரிச்சல். மனைவி பத்மாவதி தவறி ஒன்றரை வருடம் ஆகிறது. காரியம் முடிந்த மறுநாளே வந்து கோப்பைத் திறந்தார். அழவில்லை, யாரையும் ஏசவுமில்லை. தேத்தண்ணியில் சீனி இருக்கிறதா என்று கேட்டால், குடித்து முடித்த பிறகும் தெரியாது என்பார்.

பாடசாலைப் பகலுணவுக்கு டெண்டர் போட்டவர்களுக்கு உண்மையிலேயே சமைத்துக் கொடுக்க வசதி இருக்கிறதா என்று நேரில் பார்ப்பது அவர் வேலை. ஜீப் ஓட்டுவது என் வேலை. போன மாதம் பன்விலையில் அவர் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்கே போனோம். டெண்டர் குழுத் தலைவர் ரணவீர சேரும் கூட வந்தார். அவருக்குத் தமிழ் வாசிக்கவும் தெரியாது, பேசினால் விளங்கவும் செய்யாது.

டெண்டர் போட்டது ரத்தினம்மா. இதை நம்பிக் கொழுந்து பறிக்கிற வேலையை விட்டிருந்தாள். கிடைக்காவிட்டால் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டியதுதான். அடுப்பு, தண்ணீர்த் தாங்கி எல்லாம் சரி. இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடிக்கிற அண்டா சொந்தமாக இருக்க வேண்டும் என்பது விதி. அண்டாவும் இருந்தது. விளிம்பில் தமிழில் ஏதோ வெட்டியிருந்தது.

“யாருடைய பெயர் இது?” என்று ரணவீர சேர் சிங்களத்தில் கேட்டார்.

யோகராஜ் அண்ணன் குனிந்து வாசித்தார். ‘பத்மாவதி நினைவாக, மாரியம்மன் கோயிலுக்கு’ என்றிருந்தது. அவரே வாங்கிக் கொடுத்த அண்டா. முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

“கோயில் அண்டா சேர். இரவல்,” என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே சொல்லியிருந்தாலாவது திட்டித் தீர்த்திருப்பேன். பொத்தானை அழுத்தினால் மணி அடிக்கிற மாதிரி சொல்லிவிட்டார். சொந்தப் பாத்திரம் இல்லை என்று எழுதி இருவரும் கையெழுத்து வைத்தார்கள்.

ரத்தினம்மா கெஞ்சவில்லை. “அண்ணே, அக்காவோட வருசத் திதிக்கு இதுலதானே நான் சோறு வடிச்சேன். எரநூறு பேருக்கு மேல சாப்பிட்டாங்க. நீங்களும் பந்தியில ஒக்காந்தீங்களே.”

“அதுக்கு கடிதம் ஏதாச்சும் வச்சிருக்கியாம்மா?”

“திதிக்குச் சமைச்சிட்டு யாருகிட்டண்ணே கடிதம் கேப்பாங்க?”

அவர்தான் கொடுத்திருக்க வேண்டிய கடிதம். அதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

சாயந்தரப் பூசைக்கு அண்டாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம். ஜீப் கோயில் வழியாகத்தானே போகும் என்று அவளே தூக்கிவந்து பின்னால் ஏற்றினாள். வளைவுகளில் உருளாமல் இருக்க யோகராஜ் அண்ணன் அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கொஞ்ச தூரம் போனதும் ரணவீர சேர் திரும்பாமலே கேட்டார்: “உண்மையில் அந்த அம்மாவால் இருநூறு பேருக்குச் சமைக்க முடியுமா?”

“முடியும் சேர். நன்றாகச் சமைப்பாள்.”

“உமக்கு எப்படித் தெரியும்?”

கண்ணாடியில் பார்த்தேன். அவர் விரல் அந்தப் பெயரின் மேல் இருந்தது.

“என் மனைவியின் திதியில் சாப்பிட்டேன்,” என்றார். “அவள் போன பிறகு அன்றைக்கு மட்டும்தான் எனக்கு ருசி தெரிந்தது.”

ஜீப்பைத் திருப்பவா என்று கேட்டேன். கையெழுத்து வைத்த அறிக்கையை ரணவீர சேர் பையில் வைத்து மூடினார். கோயில் வந்துவிட்டது.