பலகையில் ஏறாத ஏழாவது ருசி

குடிகாரியாம்! நாக்கூசாமல் சொல்கிறார்கள். கரண்டி அக்கா பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுக் குடித்ததில்லை. இருமல் மருந்தையே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விழுங்குவாள். அவள் வீட்டுக்குப் பீர் பாட்டில் வந்தது உண்மை. மாடிப்படி முழுக்க வாடை அடித்தது உண்மை. பட்டப்பகலில் ஒரு மெக்கானிக் அவள் வீட்டிலிருந்து தள்ளாடிக்கொண்டு இறங்கினதும் உண்மைதான், யார் இல்லையென்றார்கள்? மூன்றையும் ஒட்டுப்போட்டு முதல் மாடிக்காரி கட்டிவிட்ட கதைதான் பொய். நடந்ததைக் கேளுங்கள், அப்புறம் பேசுங்கள்.

அவளுக்கு ஐஸ்கிரீம் கடையில் வேலை. முன்னால் கண்ணாடிப் பெட்டி, மின்விசிறி, முதலாளி. பின்னால் ஜன்னல்கூட இல்லாத அறையில் பால் காய்ச்சி, கிண்டி, உறையவைத்து இருபத்திரண்டு வருஷம் ஓட்டிவிட்டாள். அவள் கை பட்டால் ஆட்கள் துள்ளுவார்கள், அவ்வளவு சில்லென்று இருக்கும். இடுப்பில் எப்போதும் ஒரு சின்ன எவர்சில்வர் கரண்டி. பெயரே அதனால் வந்ததுதான். எதைச் செய்தாலும் ஒரு கரண்டி நாக்கில் வைத்து, கண்ணை மூடி, மனசுக்குள் பத்து எண்ணிய பிறகுதான் வாயைத் திறப்பாள். பத்துக்கு முன்னால் தெரிவது ருசி இல்லையாம், வெறும் குளிராம்.

கடை வாசல் பலகையில் ஆறு ருசிகள் எழுதியிருக்கும். ஆறும் முதலாளியின் அப்பா காலத்துச் சரக்கு. ஏழாவதாகத் தன் கைப்பக்குவம் ஒன்று அதில் ஏறவேண்டும் என்பது மட்டும்தான் அவள் ஆசை. நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள் முதலாளி, "யாரும் சாப்பிடாததா ஒண்ணு கொண்டு வா, எழுதறேன்" என்று சொல்லிவிட்டார். விடுவாளா?

அவள் வேலைக்கு நடக்கிற வழியில் ஒரு பீர் ஆலை உண்டு. காலையில் அங்கிருந்து வறுத்த தானிய வாசனை கமகமவென்று வரும். பாலோடு சேர்ந்தால் எப்படி இருக்கும் என்று அவள் மூக்கு வருஷக்கணக்காய் அரித்துக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, திருடி மாதிரி நாலு பாட்டில் கறுப்பு பீர் வாங்கி வந்தாள். இரண்டைத் திறந்து பாலும் சர்க்கரையும் கலந்து, வீட்டிலிருந்த பழைய மெஷினில் அப்படியே ஊற்றினாள். மெஷின் சுற்றியது, சுற்றியது, மதியம்வரை சுற்றியது. உள்ளே இருந்ததோ கஞ்சி.

அவள் கை வைத்து உறையாத பால் உண்டா? அப்படியானால் கோளாறு மெஷினில்தான். மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

அவன் எல்லாத்தையும் கழற்றி மாட்டினான். "மெஷின் கல்லு மாதிரி இருக்கேக்கா."

"அப்ப ஏன் உறையல?"

"குளிர் ஏறுதான்னு பார்ப்போம்" என்று ஒரு டம்ளர் குடித்தான். ஏறவில்லையாம். இன்னொன்று. வெறும் வயிற்றோடு வந்தவன், பாத்திரம் அடி தெரிகிறவரை குளிர் பார்த்தான். பிறகு ஸ்க்ரூ டிரைவரைக் கட்டிக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தான்.

"கண்டுபிடிச்சிட்டேன்க்கா. உள்ள போதை இருக்கு. அது இருக்கிற வரைக்கும் இது உறைஞ்சு நிக்காது. என்னைப் பாருங்க, நானே நிக்கமாட்டேங்கறேன்!"

அந்தக் கோலத்தில்தான் அவன் படியிறங்கினான். முதல் மாடிக்காரி துணி உலர்த்துகிற சாக்கில் நின்றிருந்தாள். போதாதா?

மிச்சம் இரண்டு பாட்டிலை அக்கா அடுப்பில் ஏற்றி, நுரை பொங்கப் பொங்க ஊதி, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை காய்ச்சினாள். வாடை கட்டிடத்தையே சுற்றி வந்தது. ஆனால் அதைப் பாலில் கலந்து மெஷினில் ஊற்றியபோது, இந்தத் தடவை கெட்டியாக உறைந்தது. கண்ணை மூடினாள். இனிப்பு, பிறகு கருக்கிய சர்க்கரை, கடைசியில் செல்லமாய்க் கிள்ளுகிற ஒரு கசப்பு. பத்து எண்ணி முடித்துத் தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள்.

மறுநாள் டப்பாவோடு போனால், அவளுக்கு முன்னே கதை போய்ச் சேர்ந்திருந்தது.

"குடும்பம் குடும்பமா வர்ற கடைம்மா இது," என்றார் முதலாளி. "அதைக் கொட்டிட்டு வெனிலாவைக் கிண்டு."

"போதையெல்லாம் ஆவியாப் போச்சு முதலாளி. ஒரு கரண்டி வாயில வெச்சுப் பாருங்களேன்."

"என் வாய் எதுக்கு? ஊர் வாயிலதான் இருக்கே!"

அந்த ஊர் வாய் அங்கேதான் உட்கார்ந்து ஸ்ட்ராபெர்ரி கோன் நக்கிக்கொண்டிருந்தது. அக்கா நேரே முதல் மாடிக்காரியிடம் போய்க் கரண்டியை நீட்டினாள். "வாயைத் திறங்க. பத்து எண்ணிட்டு என்ன வேணாலும் சொல்லுங்க."

சும்மா கிடைப்பதை அவள் என்றைக்கு வேண்டாம் என்றாள்? திறந்தாள். கடையே எண்ணியது. ஏழில் அவள் புருவம் ஏறியது. பத்தில், "கசக்குதே" என்றாள். உதட்டைத் துடைத்துக்கொண்டு, "சரியாப் பிடிபடல. இன்னொரு கரண்டி குடுங்கக்கா, பார்த்துச் சொல்றேன்" என்றாள்.

கடை சிரித்தது. முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. "யார் நக்கினாலும் சரி, என் பலகையில ஏறாது!"

"அப்ப நான் வேற பலகை பார்த்துக்கறேன்."

ஏப்ரனை அவிழ்த்து நாலாக மடித்துக் கண்ணாடிப் பெட்டி மேல் வைத்தாள். கரண்டி இடுப்பில், டப்பா அக்குளில். வாசல்வரை போய்விட்டாள்.

"ஏம்மா, நில்லு! வெனிலா யார் கிண்டறது?"

நின்றாள். கண்ணை மூடிப் பத்து எண்ணினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"நீங்கதான்."

வெயிலில் இறங்கி நடந்தாள். பின்னாலேயே, பாதிக் கோனைக் கையில் பிடித்தபடி, "அக்கா, அந்த இன்னொரு கரண்டி?" என்று முதல் மாடிக்காரி ஓடினாள்.