தொட்டியில் படுக்காத இயேசு

எங்கள் தேயிலைத் தோட்டத்துச் சர்ச்சில் கிறிஸ்மஸ் ஒளிவிழா நாடகத்துக்குப் பொம்மையைக் குழந்தை இயேசுவாக வைக்கும் வழக்கம் கிடையாது. அந்த வருடம் பிறந்தவற்றில் ஆகக் கடைசிப் பிள்ளையைத்தான் தொட்டியில் கிடத்துவார்கள். யார் வீட்டுக்கு அந்தப் பெருமை என்று நவம்பரிலேயே லயத்து வரிசை வீடுகளில் பேச்சு தொடங்கிவிடும்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருடம் சர்ச் குடும்பங்களில் ஒரு பிள்ளையும் பிறக்கவில்லை. இருப்பதில் சின்னவன் யார் என்று பார்த்தால் என் தம்பி. அவனுக்கு ஒரு வயது தாண்டியிருந்தது. பொம்மையே போதும் என்று சிஸ்டர் சொல்லிப் பார்த்தார், பெரியவர்கள் கேட்கவில்லை. பல் முளைத்த இயேசுவை எங்கள் சர்ச் அதுவரை கண்டதில்லை.

மரியாள் நான். எனக்கு அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருந்தது. குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்த அம்மா, நாடகத்தைப் போனில் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். தம்பி உட்காரப் பழகுவதற்கு முன்பே போனவள். வெள்ளிக்கிழமைதான் பேசுவாள். லயத்தில் சிக்னல் கிடையாது. மேலே ஏழாம் நம்பர் மலைக்கு ஏறி, தேயிலைக்கு நடுவே நின்று பேச வேண்டும். கீழே விட்டால் காலில் அட்டை ஏறும் என்று சித்தி தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவே மாட்டாள். நான் எட்டி எட்டி முகத்தைக் காட்டுவதற்குள் கட்டாகிவிடும். சர்ச் பலாங்கொடை ரோட்டோரம் இருந்ததால் அங்கே சிக்னலுக்குக் குறைவில்லை. அம்மா வேலை செய்த வீட்டு மேடம் மத்தியானம் தூங்கும் நேரமும் எங்கள் நாடக நேரமும் ஒன்றாக அமைந்தது. அம்மா என்னை முழுதாகப் பார்க்கப்போகிறாள் என்ற நினைப்பிலேயே இரண்டு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மா விட்டுப்போன நீலச் சேலையை நாலாக மடித்துச் சித்தி எனக்குப் போர்த்திவிட்டாள். ஊசி குத்தாத இடமில்லை. இயேசு தூங்கட்டும் என்று தம்பிக்கு இரட்டிப்பாகச் சோறு ஊட்டினாள். அவன் தெம்பாகிவிட்டான்.

கரோல், சிங்களப் பிள்ளைகளின் நடனம் எல்லாம் முடிந்து எங்கள் முறை வந்தது. முன் வரிசையில் மாமா முழங்காலிட்டுப் போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். திரையில் அம்மா சின்னதாகத் தெரிந்தாள். நான் சூசையப்பரையும் பார்க்கவில்லை, தொட்டியையும் பார்க்கவில்லை. போனைப் பார்த்தே தாலாட்டைத் தொடங்கினேன்.

இரண்டாவது அடி பாடும்போது சனம் சிரித்தது. திரும்பினால் இயேசு தொட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறார். ஒரு காலைத் தூக்கிப் போட்டார், வைக்கோலோடு இறங்கினார், இடையர்களைத் தாண்டி மேடையின் மறு ஓரத்துக்கு நடந்தே போய்விட்டார். கடைத்தெருவிலிருந்து வந்திருந்த சிங்கள அம்மா ஒருவர், "அனே, ஜேசு பபா அவிதினவா" என்றார். குழந்தை இயேசு நடக்கிறாராம். பாதர்கூடக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

நான் விடாமல் பாடினேன். பாட்டை யாரும் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. மாமாவின் கையும் போனும் தம்பி பின்னாலேயே போய்விட்டன. அழுகை வந்தது. மரியாள் அழக்கூடாது என்று சிஸ்டர் சொல்லியிருந்ததால் விழுங்கினேன்.

திரை விழுந்ததும் ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினேன். சேலையைச் சொல்வாள், பாட்டைச் சொல்வாள் என்று காத்திருந்தேன். அம்மா என்னைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

"தம்பி எப்ப இருந்துடி நடக்கிறான்?" என்றாள்.

"அவன் ரெண்டு மாசமா நடக்கிறான்மா. நான் பாடுனது கேட்டுச்சா?"

"ரெண்டு மாசமாவா?" என்றவள், "அவனைக் கீழ விடச் சொல்லு. இன்னொருக்கா நடக்கச் சொல்லுடி, மேடம் எந்திரிக்கிறதுக்குள்ள" என்றாள்.

சித்தி அவனைச் சிமெந்துத் தரையில் இறக்கிவிட்டாள். அவன் பெஞ்சுகளுக்கு நடுவே தத்தித் தத்திப் போனான். போனை நான்தான் பிடித்திருந்தேன். அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்க உட்கார்ந்திருந்தாள். எல்லாரையும் போல அவளும் சிரிக்கிறாள் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், எனக்குக் கோபம் கோபமாக வந்தது.