மூன்றாம் நாசிலில் ஒரு பட்டிழை

பழி தீர்க்க எழுதுகிறவன் பொய் சொல்லக் கூடாது. ஒரு பொய் அகப்பட்டாலும் எதிராளி குற்றமற்றவர் ஆகிவிடுவார். அந்த வாய்ப்பை அவருக்கு நான் தர மாட்டேன். ஆகையால் நானே கண்டவற்றையும், கண்டவர்கள் என் முகத்துக்கு நேரே சொன்னவற்றையும் மட்டுமே எழுதுகிறேன். ஊகங்களை விட்டுவிட்டேன். அவை நிறைய உண்டு.

எழுபதுகளின் இறுதியில் ஆரணியில், வேலூர் சாலையில், எனக்கு ஒரு பட்டறை இருந்தது. புலவர் பட்டம் பெற்றும் பள்ளி வேலைக்குப் போகாமல், தந்தை விட்டுச்சென்ற பட்டறையிலேயே நின்றுவிட்டவன் நான். பட்டு வியாபாரி ஒருவர் ஜெர்மானியப் பழங்கார் ஒன்றை வாங்கி, செத்துக் கிடந்த அதன் டீசல் எஞ்சினைப் புதுப்பிக்க என்னிடம் ஒப்படைத்தார். அவ்வகை எஞ்சினில் தீப்பொறி கிடையாது. பம்பு டீசலை அழுத்தி நான்கு குழாய்களில் முறைவைத்து அனுப்பும்; குழாய் முனையிலுள்ள நாசில் அதை மூடுபனிபோலத் தெளிக்கும். தெளிக்கும் கணம் முந்தினாலும் பிந்தினாலும் இடியும் புகையும்தான்.

பம்பை அந்தக் கணத்துக்கு நானே இசைத்தேன். பம்பின் விளிம்பிலிருந்து எஞ்சின் உடல்வரை ஊசியால் ஒரு நேர்கோடு கீறினேன். வியாபாரியின் ஓட்டுநரைப் பக்கத்தில் அமர்த்திக் கண்ணமங்கலம்வரை ஓட்டித் திரும்பினேன். புகை இல்லை. இதை அந்த ஓட்டுநரும் மறுத்ததில்லை.

வியாபாரியின் மூத்த மகள் திருமணத்துக்கு முன் கார் மெருகேற்றப் போயிற்று. போன இடம், என் தந்தையோடு கூட்டாக இருந்து பிரிந்துபோன மேஸ்திரியின் பட்டறை. ஓரிரவு அது அங்கேயே நின்றது என்று ஓட்டுநர் பின்னர் என்னிடம் சொன்னார்.

மாப்பிள்ளை ஊர்வலத்தில், கடைத்தெரு நடுவே, கார் விக்கியது. வெண்புகை மேளக்காரர்களை மூடிற்று. மாப்பிள்ளை பட்டு அங்கவஸ்திரத்தால் மூக்கைப் பொத்திக்கொண்டார். பிறகு எஞ்சின் நின்றேவிட்டது. கூட்டத்திலிருந்த மேஸ்திரி, நான் நிற்பதைப் பார்த்துக்கொண்டே குரலை உயர்த்தினார்.

“தமிழ் படிச்சவன் கையில டீசல் வண்டியக் குடுத்தா இப்படித்தான்யா ஆவும். அவன் இஞ்சினுக்குப் பதவுரை சொல்லிகினு இருப்பான், தள்றது நம்ம தலையெழுத்து!”

தெருவே சிரித்தது. மேளக்காரர்கள் காரைத் தள்ளினார்கள். அதன்பின் பம்பு வேலைக்கென்று என் பட்டறைக்கு ஒரு வண்டியும் வரவில்லை. லாரிக்காரர்கள் என் வாசலைத் தாண்டி மேஸ்திரியிடம் போனார்கள். அந்தக் காரையும் அவரிடமே கொடுத்தார் வியாபாரி. அவராலும் அதை ஓட்ட முடியவில்லை. நான் காத்திருந்தேன். என் கோபத்தை ஆறவிடவில்லை.

இளைய மகளுக்குத் திருமணம் நிச்சயமானதும் வியாபாரி என்னிடம் வந்தார்.

“இன்னாங்க புலவரே, பழசெல்லாம் மனசுல வெச்சிகினு இருக்காதீங்க. வண்டி ஓடியாவணும்.”

“ஓட வெக்கிறேங்க. ஆனா மேஸ்திரி பக்கத்துல நிக்கணும். அவரு இல்லாம பானெட்டத் தொறக்க மாட்டேன்.”

“அது எதுக்குங்க பேஜாரு?”

“ஊர்வலத்துல பேசினவரு அவருதானுங்களே.”

பெரிய வாடிக்கையாளர் அழைத்ததால் மேஸ்திரியால் என் பட்டறைக்கு வராமலிருக்க முடியவில்லை. கையில் ஒரு பிடி சிவப்புக் கழிவுப் பட்டு. ஆரணிப் பட்டறைகளில் எண்ணெய்க் கை துடைக்கப் பஞ்சுக் கழிவு வாங்குகிறவர் இல்லை. தறி வீடுகளில் கழித்த பட்டு நூல் சும்மாவே கிடைக்கும், கைக்கும் மெத்தென்றிருக்கும். நாசிலுக்கு மட்டும் அது நஞ்சு. தலைமயிரினும் மெல்லிய இழை ஒன்று உள்ளே போனாலும் நாசிலின் ஊசி சரியாக அமராது. நான் நாசிலை எதனாலும் துடைப்பதில்லை. டீசலில் கழுவி ஈரத்தோடு பூட்டுவேன்.

எதிர்த்த டீக்கடைக் கூட்டம் கிளாசுகளோடு வந்து சூழ்ந்தது. நான் கீறிய கோடு விலகி நின்றது.

“மேஸ்திரி, இது ஏன் நகர்ந்திருக்குது?”

“உன் டைமிங் தப்பு. நான் திருத்தினேன்.”

“திருத்தினப்புறம் பொகை நின்னுச்சா?”

“பம்பே போச்சுய்யா! ஜெர்மனிக்குத்தான் எழுதணும்.”

“ஜெர்மன்காரன் வந்து சேர்றதுக்குள்ள சின்னம்மாவுக்குப் பேரனே பொறந்துடும்,” என்றார் ஓட்டுநர்.

நான்கு நாசில்களையும் கழற்றி, வெளிப்புறம் பார்க்க அதனதன் குழாயிலேயே மாட்டினேன். எஞ்சினைச் சுற்றவிட்டபோது மூன்று நாசில்கள் பனி தெளித்தன. மூன்றாம் சிலிண்டருடையது மட்டும் சளிப்பிடித்த மூக்காய் ஒழுகிற்று. அதைத் தட்டில் வைத்துப் பிரித்தேன். ஊசியின் நுனியில் பாதி கருகிய சிவப்புப் பட்டிழை. வெள்ளைத் தாளில் வைத்து வியாபாரியிடம் நீட்டினேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு மேஸ்திரியின் கையைப் பார்த்தார். மேஸ்திரி கையிலிருந்ததைச் சட்டைப்பையில் திணித்தார்.

நான் விடவில்லை. நாசில்களைக் கழுவிப் பூட்டியபின், முதல் குழாய்க்குப் பதில் வளைந்த சிறு குழாயைப் பம்பில் மாட்டினேன். எஞ்சினைக் கையால் மெல்லத் திருப்பினால் அதிலிருந்து டீசல் சொட்டும்; சொட்டு நிற்கும் இடமே தெளிப்புத் தொடங்கும் கணம். திருப்பும் வேலையை மேஸ்திரிக்குக் கொடுத்தேன். நீளமான ஸ்பேனரோடு அவர் என் காலடியில் குந்தினார்.

“கொஞ்சம்... இன்னும் கொஞ்சம்... நில்லுங்க. தாண்டிட்டீங்க. மறுபடியும் மொதல்லருந்து.”

அவர் உண்மையாகவே தாண்டினார். நான் பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் தாண்டியபோதெல்லாம் எனக்கு இனித்தது. பம்பை நகர்த்தி நகர்த்திக் கடைசியில், எஞ்சின் சக்கரத்தில் தொழிற்சாலை பொறித்திருந்த குறியில் சொட்டு நின்றது. குனிந்து பார்த்தேன். நான் கீறிய கோடு மயிரிழையும் பிசகாமல் பழையபடி நேராகியிருந்தது. அதை வியாபாரியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.

எஞ்சின் முழங்கிற்று. நான் பின்கதவைத் திறந்தேன்.

“ஏறுங்க மேஸ்திரி. மாப்பிள்ளை சீட்டு காலியாத்தான் இருக்குது.”

“வேணாம்யா.”

“ஏறுங்க,” என்றார் வியாபாரி.

ஊர்வலம் போன அதே தெருவில், அதே வேகத்தில், பட்டப்பகலில் அவரை ஏற்றிச் சென்றேன். ஓட்டுநர் முன்சீட்டிலிருந்து வாயாலேயே நாதசுரம் வாசித்தார். பூக்கடைக்காரர் ஒருவர் சன்னல் வழியே வாடிய சரம் ஒன்றை மேஸ்திரியின் மடியில் எறிந்தார். புகை மட்டும் இல்லை. அன்று நான் சிரிக்கவில்லை. அவர் முகம் கண்ணாடியில் தெரியும்படி வைத்துக்கொண்டு ஓட்டினேன்.

லாரிகள் திரும்பி வந்தன. சில ஆண்டுகளில் மேஸ்திரி கடையை மூடி வந்தவாசிக்குப் போனார், அங்கேயே இறந்தார். துக்கத்துக்கு நான் போகவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் அதுவும் சரிபார்க்கப்படாத செய்தியாகும்.

மூத்த மகளின் திருமணம் நடந்த பருவத்தில் ஊரின் பாதித் தறிகளில் சிவப்புப் பட்டே ஓடியது. கார் மேஸ்திரியின் பட்டறைக்குள் போனதையும் வெளியே வந்ததையும் ஓட்டுநர் கண்டார். இரவில் பானெட் திறக்கப்பட்டதைக் கண்டவர் எவருமில்லை. மேஸ்திரியை நேரில் ஒருமுறை கேட்டேன். அவர் திரும்பிக் கடைக்குள் போய்விட்டார். அந்த இழையை அவர் வைத்தாரா, அவர் கையிலிருந்து தவறி விழுந்ததா, வேறெவர் கையிலிருந்து வந்ததா என்பது எனக்குத் தெரியாது.